25 தருமா என்று கேட்பதற்கு முன்னால்

சென்ற இதழில், கார் வாங்கப்போகிறவர்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "மைலேஜ் எவ்வளவு தரும்?" என்றுதான் தொடங்குகின்றன. சேலத்தில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். "மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால், பாதிப் பேரிடம் பதில் இருக்காது. அதனால் கிலோமீட்டரைக் குறிப்பிட்டு எழுதியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணா, நான் பள்ளி ஆசிரியை. வீடு நாமக்கல், பள்ளிக்கூடம் பரமத்தி பக்கம். மாதம் ஒருமுறை கொல்லிமலையில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போவோம். எல்லாம் சேர்த்து மாதம் 750 கிலோமீட்டர் வரும். பட்ஜெட் 9 லட்சம். கணவர் 25 கிலோமீட்டர் தரும் சின்ன காரைச் சொல்கிறார். எனக்கு ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு உள்ள காரில்தான் மனம் நிற்கிறது. ஆனால் அதற்கு 20 தான் போட்டிருக்கிறது. "சம்பளத்தைப் பங்க்கில் கொண்டுபோய்க் கொட்டப் போகிறாய்" என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, நாமக்கல்

பதில்: அம்மா, முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். 25 என்று போட்டிருக்கும் வண்டி, நீங்கள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு 19 தரும். 20 என்று போட்டிருப்பது 15 தரும். ஏன் குறைகிறது என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். 750 கிலோமீட்டருக்கு முதல் வண்டி குடிப்பது ஏறக்குறைய 39 லிட்டர், இரண்டாவது 50 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், வித்தியாசம் மாதம் 1,050 ரூபாய் பக்கம். வருடத்துக்கு 12,600, ஐந்து வருடத்துக்கு 63,000. சின்னத் தொகை இல்லைதான். ஆனால் உங்கள் கணவர் சொல்கிற மாதிரி சம்பளத்தை விழுங்குகிற தொகையும் இல்லை. இந்த ஆயிரம் ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

நீங்கள் தினமும் போவது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. நாமக்கல்லில் லாரிகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மோதல் சோதனையில் காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, முன்பக்கத்தின் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் இடிக்கிற மாதிரி மோதவிடுகிறார்கள். எதிரே வருகிற வண்டியோடு நடக்கும் பெரும்பாலான நேர்மோதல்களும் அப்படி ஒரு பக்கமாகத்தான் நடக்கின்றன. உள்ளே இருக்கிற கூடு நசுங்காமல் நின்றதா, ஓட்டுநரின் நெஞ்சுக்கும் கால்களுக்கும் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துத்தான் நட்சத்திரம் தருவார்கள். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கே 'பாரத் என்கேப்' என்ற திட்டம் இருக்கிறது. ஷோரூமில் போனால் பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை நட்சத்திரம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு மதிப்பெண்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் கணவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மைலேஜ் கொடுத்தால் பாதுகாப்பு இருக்காது, பாதுகாப்பான வண்டி பெட்ரோலைக் குடிக்கும் என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் இந்தியாவில் முதன்முதலாக ஐந்து நட்சத்திரம் வாங்கியபோது, அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருந்தது. 2024 நவம்பரில் புதிய மாருதி டிசையர் குளோபல் என்கேப் என்ற சர்வதேச அமைப்பின் சோதனையில் பெரியவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டது. அதன் சான்றிதழ் மைலேஜ், மேனுவல் கியர் மாடலில் 24.79. ஆக, நீங்களும் ஜெயித்து அவரும் ஜெயிக்கிற மாதிரி ஒரு வழி இருக்கிறது. டிசையரை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். வீட்டில் பேச்சு சுமுகமாகும்.

அப்புறம் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். நான்கு பேரும் இரண்டு மூட்டை சாமானும் ஏற்றிக்கொண்டு ஒரு லிட்டர் எஞ்சின் ஏறும்போது, முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் மாறி மாறித்தான் போகும். அங்கே எந்தச் சின்ன வண்டியும் தன் பேர்போன மைலேஜைத் தராது. டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஒரு மேடு பார்த்துப் போங்கள். பாதி மேட்டில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் 'ஹில் ஹோல்டு' இருக்கிறதா என்றும் கேளுங்கள். எனக்கு அது சன்ரூஃபைவிட முக்கியம். நாமக்கல் வெயிலுக்கு சன்ரூஃப் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சன்ரூஃப் என்றதும் ஞாபகம் வருகிறது. "இன்னும் கொஞ்சம் போட்டால் டாப் வேரியன்ட்" என்று ஷோரூமில் இழுப்பார்கள். அந்தக் கொஞ்சம் உங்களைப் பத்து லட்சத்துக்கு மேலே தள்ளுகிறதா என்று கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி மாறியது: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.75 லட்சம் வண்டிக்கு வரி 1,26,750. 10.25 லட்சம் வண்டிக்கு 1,84,500. ஐம்பதாயிரம் ரூபாய் விலை கூடினதற்கு வரி மட்டும் 57,750 கூடுகிறது! மைலேஜுக்காக ஐந்து வருடம் வீட்டில் சண்டை போட்டு மிச்சம் பிடிக்கிற பணம், ஒரு கண்ணாடிக் கூரைக்காக ஒரே கையெழுத்தில் போய்விடும்.

கேள்வி: சார், கம்பெனி 24.8 என்று போட்டிருக்கிறது. எனக்கு அம்பத்தூரிலிருந்து கிண்டி போய் வந்தால் 14-ஐத் தாண்டவில்லை. சர்வீசில் கேட்டால் "நீங்கள் ஓட்டும் விதம்" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஏமாற்று இல்லை சார். அந்த எண் சோதனைக்கூடத்தில் எடுத்தது. வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏற்கெனவே எழுதிவைத்த ஒரு வேகப் பட்டியல்படி ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகம் 90. ஏ.சி. கிடையாது, பாடி ஜங்ஷன் சிக்னல் கிடையாது, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோ கிடையாது. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பரீட்சை என்பதால், ஒரு காரோடு இன்னொரு காரை ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் பெட்ரோல் செலவுக்குப் பட்ஜெட் போட உதவாது. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகிறவருக்கு அதில் முக்கால் பங்குக்கு மேல் கிடைக்கும். சென்னை நெரிசலில் ஏ.சி. போட்டுப் போகிறவருக்கு 14 என்பது சகஜம்.

இன்னொன்று, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலவை கூடினால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதை ஓட்டுபவர் தலையில் போடுவது நியாயமில்லை.

டேஷ்போர்டு காட்டும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் தாராளமாகவே காட்டும். ஒரே பங்க்கில் நாஸில் தானாக நிற்கும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சைபர் ஆக்குங்கள். முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள். அப்பாவின் பழைய ஜீப் மாதிரி வண்டி 10 தருகிறது. என் சின்ன கார் 20. இரண்டும் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகின்றன. ஒன்றை மாற்றலாம் என்றிருக்கிறோம். ஜீப்பைக் கொடுத்தால் 15 தருகிற வண்டி, என் காரைக் கொடுத்தால் 25 தருகிற வண்டி. இரண்டிலும் கூடுவது 5 தானே, எதை மாற்றினால் என்ன?
– வாசகர், தேனி

பதில்: நிறைய வித்தியாசம் இருக்கிறது தம்பி. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டே பழகிவிட்டோம். கணக்கு அங்கேதான் கண்ணைக் கட்டுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஜீப் இப்போது 100 லிட்டர் குடிக்கிறது, 15 தருகிற வண்டி வந்தால் 67. மிச்சம் 33 லிட்டர். உங்கள் கார் குடிப்பது 50 லிட்டர், 25 தருகிற வண்டி வந்தால் 40. மிச்சம் வெறும் 10. ஐரோப்பாவில் "நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்" என்றுதான் எழுதுவார்கள். அப்படி எழுதிப் பார்த்தால் இந்தக் குழப்பமே வராது. மாற்றுவதானால் ஜீப்பை மாற்றுங்கள். அப்பாவுக்கு அதில் பாசம் இருந்தால் அது வேறு கதை, அதற்கு நான் வரவில்லை.

கேள்வி: தேங்காய் வியாபாரம். பொள்ளாச்சியிலிருந்து காங்கேயம், பாலக்காடு என்று மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடுகிறேன். பெரிய வண்டிதான் வேண்டும். பெட்ரோலைவிட டீசல் மாடல் ஒன்றரை லட்சம் அதிகம். எல்லோரும் டீசல் காலம் முடிந்துவிட்டது என்கிறார்களே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்களுக்கு முடியவில்லை. அந்த அளவு வண்டியில் பெட்ரோல் 12, டீசல் 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கு மாதம் 25,000 ரூபாய். டீசலுக்கு, லிட்டர் 93 ரூபாய் என்று போட்டாலும் 16,500-ஐத் தாண்டாது. ஒன்றரை லட்சம் ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்துவிடும். உங்கள் மாதிரி ஆளுக்கு மைலேஜ்தான் முதல் கேள்வி, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இதே பதிலைப் படித்துவிட்டு, கோவையிலிருந்து எழுதிய ஓய்வுபெற்ற அதிகாரி டீசல் வாங்கிவிட வேண்டாம். அவர் ஓட்டுவது மாதம் 400 கிலோமீட்டர், அதுவும் காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வந்த டீசல் கார்களில், புகைக் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள அதற்கு நல்ல சூடு வேண்டும். சூடு வர நீண்ட ஓட்டம் வேண்டும். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். மிச்சம் பிடித்த டீசல் காசை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து கொடுக்க வேண்டி வரும். எனக்கு வருமானம், அவருக்கு எரிச்சல்.

கேள்வி: அண்ணா, கால் டாக்ஸி ஓட்டப்போகிறேன். மாதம் 3,500 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். சி.என்.ஜி. வண்டி எடுக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: எடுக்கலாம் தம்பி. காஸ் கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 60 காசு. அதே வண்டி பெட்ரோலில் 17 தந்தால் 5 ரூபாய் 90 காசு. உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 8,000 ரூபாய் நிற்கும். ஆனால் வண்டி பார்க்கப் போவதற்கு முன் காஸ் பங்க்கைப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் போய் வரிசை எவ்வளவு நீளம் என்று நின்று பாருங்கள். வரிசையில் நிற்கும் நேரம் உங்கள் சவாரி நேரம். சிலிண்டர் டிக்கியை எடுத்துக்கொள்வதால், பெட்டி படுக்கையோடு வருகிற ஏர்போர்ட் சவாரிக்கு மேலே கேரியர் மாட்ட வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் இரண்டு சின்ன சிலிண்டர்களைத் தரைக்கடியில் வைத்து வரும் மாடலைப் பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம், தள்ளிப்போடாதீர்கள். ஊட்டி சவாரி வந்தால் ஏற்றத்தில் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காஸில் இழுவை குறைவு.

கேள்வி: கணவரும் நானும் ஓ.எம்.ஆரில் வேலை. வீடு தாம்பரம். மாதம் 1,200 கிலோமீட்டர், முழுக்க நெரிசல். இப்போதைய கார் 11 தருகிறது. ஹைபிரிட் வாங்கினால் 27.97 என்று போட்டிருக்கிறது, ஆனால் அதே காரின் சாதாரண மாடலைவிட 3 லட்சம் அதிகம் சொல்கிறார்கள்.
– வாசகி, தாம்பரம்

பதில்: நெரிசல்தான் ஹைபிரிட்டுக்குச் சொந்த மைதானம். பிரேக் அடிக்கும்போது வீணாகிற வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் போட்டுக்கொள்ளும். ஊர்ந்து போகும்போது எஞ்சினை அணைத்துவிட்டு அந்த மின்சாரத்தில் நகரும். மற்ற கார்களுக்கு நகரத்தில் மைலேஜ் விழும் அளவுக்கு இதற்கு விழாது. 20 கிடைத்தால் மாதம் 60 லிட்டர். சாதாரண மாடல் 11 தந்தால் 109 லிட்டர். மிச்சம் 4,900 ரூபாய். 3 லட்சம் திரும்ப ஐந்து வருடம் ஆகும். கடன் வட்டியையும் சேர்த்தால் ஆறு வருடத்தை நெருங்கும். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள் என்பதால் அந்தக் கணக்குக்குள் பயமில்லை. டிக்கி சாதாரண மாடலைவிடச் சின்னது, ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒரு காரை ஆறேழு வருடம் வைத்திருக்கிற பழக்கம் உண்டா? அப்படியானால் வாங்குங்கள். மூன்று வருடத்துக்கொரு முறை மாற்றுகிறவர் என்றால் வேண்டாம். கிளட்ச் மிதிக்காமல் பல்லாவரம் தாண்டுகிற நிம்மதிக்கு விலை எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னிடம் அதற்குக் கணக்கு இல்லை.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நண்பர் சொல்கிறார்.
– வாசகர், ஓமலூர்

பதில்: நண்பரோடு காரில் ஏறாதீர்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் செலவாகும். மிச்சம் இல்லை, நட்டம். அதோடு முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆஸ்பத்திரி, கல்யாணம், குலதெய்வக் கோயில், அவ்வளவுதான் ஓட்டம். மாதம் 300 கிலோமீட்டர்கூட வராது. எது மைலேஜ் அதிகம் தரும்?
– வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு 15 தருகிற வண்டிக்கும் 20 தருகிற வண்டிக்கும் வித்தியாசம் மாதம் 500 ரூபாய். அதை மறந்துவிடுங்கள். அம்மாவை ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தாழ்வான செடானில் குனிந்து உட்கார்ந்து, முட்டியை மடக்கி எழுந்திருப்பது அவருக்குத் தண்டனை. மிக உயரமான வண்டியில் ஏறுவதும் அப்படியே. நாற்காலியில் உட்கார்வது மாதிரி பின்னால் சாய்ந்தாலே உட்காரும்படி சீட் உயரமும், கதவு அகலமாகத் திறப்பதும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் வேண்டும். வேகன் ஆர் போன்ற உயரக் கூரை வண்டிகளைப் பெரியவர்கள் விரும்புவது இதனால்தான். முன் சீட்டிலும் பின் சீட்டிலும் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளிக்காத வண்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றில் ஏர்பேக், நட்சத்திரம் எல்லாம் பாருங்கள். வாக்கரை மடித்து டிக்கியில் போட முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2014 மாடல், கடன் முடிந்துவிட்டது. 13 தான் தருகிறது. 20 தரும் புது கார் எடுத்தால் பெட்ரோல் மிச்சத்திலேயே தவணை கட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். கடன் 6 லட்சம் தேவைப்படும்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஏஜென்டிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். உங்கள் மிச்சம் மாதம் 13 லிட்டர் சொச்சம், 1,350 ரூபாய். 6 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை 12,450 ரூபாய். மீதி 11,100 ரூபாயை ஏஜென்ட் கட்டுவாரா?

பாதுகாப்புக்காகவோ, குடும்பம் பெருத்ததாலோ மாற்றுகிறீர்கள் என்றால் அது வேறு. மைலேஜுக்காக மட்டும் என்றால் இந்த வண்டியையே சரி பாருங்கள். டயர் காற்றை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவுக்கு வையுங்கள். ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் கடைசியாக எப்போது மாற்றியது என்று பில்லைத் தேடுங்கள். அப்புறம், பத்து கிலோமீட்டர் ஓட்டி, முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுடும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். அந்த வயது வண்டிகளில் இது அடிக்கடி பார்க்கிற கோளாறு. பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இதையெல்லாம் செய்துவிட்டு, அம்பத்தூர் வாசகருக்குச் சொன்ன மாதிரி டேங்க் டு டேங்க் நிரப்பி மைலேஜை மறுபடி பாருங்கள். 13 அப்படியே நின்றால் எழுதுங்கள். எஞ்சின் கம்ப்ரஷனைப் பார்க்க வேண்டியிருக்கும்.